காலிப் பைக்கு வழிவிடாத சுவர்கள்

நிதானம் என்று எல்லோராலும் அழைக்கப்பட்ட சாப்பாட்டு டெலிவரிக்காரர் ஒரு நாள் மதியம் பல் டாக்டரின் மேற்குச் சுவர் வழியாக பைக்கில் உள்ளே வந்தார். நாற்காலியில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்த நோயாளிக்கும் கருவிகள் இருந்த மேசைக்கும் நடுவே புகுந்து, கிழக்குச் சுவர் வழியாக வெளியே போனார். சுவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கூட்டமான பஸ்ஸில் இறங்குகிறவருக்கு மற்றவர்கள் ஒதுங்கி இடம் கொடுப்பதுபோல் செங்கல்லும் பூச்சும் ஒதுங்கி நின்று, பைக் போனதும் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்துகொண்டன. ஆணியில் தொங்கிய காலண்டர்கூட விழவில்லை. போகிற போக்கில் அவர் மன்னிப்புக் கேட்டதாக நர்ஸ் பிறகு எல்லோரிடமும் சொன்னார். நோயாளி வாயை மூட மறந்து போனதால் அன்றைக்குப் பல் பிடுங்குவது சுலபமாக முடிந்தது.

நிதானத்துக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. மஞ்சள் விளக்கைப் பார்த்ததுமே வண்டியை நிறுத்துகிற டெலிவரிக்காரர் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான் என்பதால், கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. சொன்னதைச் சொன்னபடி செய்வார். கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். குழந்தை தூங்குகிறது, மணி அடிக்க வேண்டாம் என்று வாடிக்கையாளர் எழுதியிருந்தால், மணி அடிக்காமல், கதவையும் தட்டாமல், குழந்தை விழித்து அழும்வரை வாசலில் நிற்பார். இப்படிப்பட்டவர் ஊரார் வீட்டுக்குள் வண்டியை விட்டார் என்றால் மேலிடத்து உத்தரவு ஏதாவது இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் அப்போதே சொன்னார்கள். அது உண்மைதான்.

அவர் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்த கம்பெனி, தன்னிடம் ஊழியர் என்று ஒருவர்கூடக் கிடையாது, வண்டி ஓட்டுகிற எல்லோரும் பங்குதாரர்கள்தான் என்று சொல்லி வந்தது. லாபத்தில் பங்கா என்று யாராவது கேட்டால், லாபத்தில் இல்லை, பெட்ரோலிலும் பஞ்சரிலும் மழையிலும் முழுப் பங்கு என்று நிதானத்தின் மைத்துனன் விளக்கம் சொல்வான். மைத்துனன் என்றால் மனைவியின் தம்பி. வாய் கொஞ்சம் நீளம். அவனும் அதே கம்பெனிக்கு ஓட்டியவன். ஒரு நாள் அடுக்குமாடி வீடு ஒன்றில் சூப்பைக் கொடுத்துவிட்டுக் காலிப் பையோடு திரும்பும்போது லாரி ஒன்று ஓரம் கட்டியதில் விழுந்து வலது கால் முறிந்தது. பொது ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. திரும்ப உடைத்துத் தகடு வைத்தால்தான் நடக்க முடியும் என்றார்கள். அதற்கு ஆகும் செலவு அந்தக் குடும்பம் தலைகீழாக நின்றாலும் புரட்ட முடியாதது. வேலையில் அடிபட்டால் வைத்தியச் செலவு கம்பெனியுடையது என்று ஒரு விதி இருக்கத்தான் இருந்தது. கேட்டபோது பதில் உடனே வந்தது: விழுந்த நேரத்தில் அவன் பையில் ஆர்டர் இல்லை, ஆர்டர் இல்லாதபோது அவன் பங்குதாரரும் இல்லை, ரோட்டில் போன ஒரு ஆள், அவ்வளவுதான். ரோட்டில் போன ஆள் அன்றிலிருந்து நிதானத்தின் வீட்டு ஹாலில் கட்டிலில் கிடந்தான். அவன் எழுந்து நடக்க வேண்டும், அதற்குக் கம்பெனி அவனைத் தன் ஆள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர அந்த வீட்டில் வேறு யோசனையே இல்லாமல் போயிற்று. நிதானத்தின் மனைவி துணி பேக்கிங் செய்யும் தொழிற்சாலையில் இருந்தார். தம்பி நடக்கிற வரைக்கும் புதுத் துணி எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார். சொன்னதை நிதானம் தனக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டு, கிழிந்த சட்டையைத் தைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

இந்த நிலைமையில் கம்பெனி கூலிக் கணக்கை மாற்றியது. அதுவரை ரோட்டின் நீளத்துக்குக் கூலி. இனிமேல் வரைபடத்தில் சமையற்கூடத்துக்கும் வாடிக்கையாளர் வீட்டுக்கும் நடுவே நேராக ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டின் நீளத்துக்கு மட்டும் கூலி. சமையற்கூடம் என்பது உட்கார்ந்து சாப்பிட இடமில்லாத, ஒரே அடுப்பில் சமைத்து ஆறு கடைப் பெயரில் பொட்டலம் கட்டித் தருகிற இடம். சாப்பாடு கேட்கிற அடுக்குமாடிகளுக்கும் அதற்கும் நடுவே ஒரு கால்வாயும் சரக்கு ரயில் நிற்கும் யார்டும் இருந்தன. ரோடு இரண்டையும் சுற்றி, பாலம் ஏறி இறங்கிப் போகும். கோடு எதையும் சுற்றாது. கூலி பாதியாயிற்று. கொடுக்கப்பட்ட நேரமும் கோட்டுக்கு ஏற்றபடிதான், தாமதமானால் பிடித்தம். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த நிதானம் மூன்றாம் நாள் உதவி எண்ணுக்குப் போன் செய்தார். பேசிய பெண் மிகவும் மரியாதையாகப் பேசினார்.

“மேடம், நடுவுல கால்வாய் இருக்கு. ரயில்வே இருக்கு. ஜனங்க குடியிருக்கிற வீடுங்க இருக்கு.”

“சிஸ்டத்துல நேர்கோடுதான் சார் காட்டுது. நீங்க நேரா போங்க.”

“நேராவா?”

“நேராவே போங்க சார். வேற ஏதாவது உதவி வேணுமா?”

வேண்டாம் என்று நன்றி சொல்லிவிட்டு நிதானம் ஹெல்மெட்டை இறுக்கினார். சமையற்கூடத்துக்கு நேர் எதிரே இருந்தது பல் டாக்டரின் சுவர். முதல் கியரில் மெதுவாக அதை நோக்கி வண்டியை விட்டார். அதன் பிறகு நடந்தது முதலிலேயே சொல்லப்பட்டது.

பல் டாக்டரைத் தாண்டி ஒரு இஸ்திரிக் கடை. அதைத் தாண்டி, அண்ணன் தம்பி இருவர் சண்டை போட்டு நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்ட வீடு. அதைத் தாண்டியது நிதானத்தின் சொந்த வீட்டு ஹால். மனைவிக்கு அன்று வார விடுமுறை, தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். புருஷன் சுவர் வழியாக வந்த விஷயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, “இப்பத்தாங்க துடைச்சேன்” என்று மட்டும் சொன்னார். கட்டிலில் இருந்த மைத்துனன் தலையைத் தூக்கிப் பார்த்து, “மாமா, கதவு அந்தப் பக்கம்” என்றான். நிதானம் நிற்கவில்லை, நேரம் ஓடிக்கொண்டிருந்தது. தொழிலாளர் அலுவலகத்தின் தரைத்தளத்தில் பழைய காகிதங்கள் அடுக்கியிருந்த அறை வழியாகப் போனார். கால்வாய்த் தண்ணீர் டயர் நனைகிற அளவுக்கு மட்டும் இடம் கொடுத்துத் தாங்கிக்கொண்டது. யார்டில் நின்ற சரக்கு ரயிலின் இரண்டு பெட்டிகள் சற்று விலகிக்கொண்டன. வாடிக்கையாளர் மூடியைத் திறந்தபோது சூப் வாயில் வைக்க முடியாத சூட்டில் இருந்தது. ஐந்து ஸ்டார் போட்டார். காலிப் பையோடு அதே வழியில் திரும்பலாம் என்று நிதானம் அடுக்குமாடியின் காம்பவுண்டுச் சுவரை நோக்கி வண்டியை விட்டார். சுவர் சுவராகவே நின்றது. முன் சக்கரம் நெளிந்துவிட்டது. பையில் ஆர்டர் இருந்தால்தான் சுவர்கள் ஒதுங்கும், காலிப் பைக்கு ஒதுங்காது என்பது அப்போதுதான் தெரிந்தது. கம்பெனி எதைக் கணக்கில் வைத்ததோ அதை மட்டுமே சுவர்களும் கணக்கில் வைத்துக்கொண்டன. நிதானம் வண்டியைத் தள்ளிக்கொண்டு ரோட்டு வழியாகவே வீடு வந்து சேர்ந்தார்.

கம்பெனிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். நிதானத்தின் போனில் ஒரு மெடல் படம் வந்தது. மறு வாரமே, ஒருவரால் முடிவது எல்லோராலும் முடியும் என்று சொல்லி எல்லோருடைய நேரத்தையும் அவருடைய நேரத்துக்குக் குறைத்துவிட்டார்கள். மற்ற டெலிவரிக்காரர்கள் அவரை அடிக்கிற முடிவோடுதான் வீட்டுக்கு வந்தார்கள். முன்னால் வந்தவர் வெயிலிலும் மழைக்கோட்டைக் கழற்றாததால் ரெயின்கோட் அக்கா என்று பேர் வாங்கிய பெண்மணி. வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஒரு மாமியார், ஒரு கடன். வாசலில் நின்றுகொண்டே அத்தனையையும் சொன்னார். “நீங்க பாட்டுக்கு மெடல் வாங்கிட்டுப் போயிட்டீங்க அண்ணே. எங்களுக்கு நேத்துலேர்ந்து எல்லாம் பிடித்தம்தான்.” நிதானம் உதவி எண்ணை மட்டும் கொடுத்தார். ஒவ்வொருவரும் போன் செய்தார்கள். ஒவ்வொருவரிடமும் நேராகப் போங்கள் என்று அதே மரியாதையோடு சொல்லப்பட்டது. அடிக்க வந்த கூட்டம் தண்ணீர் குடித்துவிட்டுக் கலைந்தது. அந்த வாரக் கடைசிக்குள் எல்லோரும் நேராகப் போக ஆரம்பித்தார்கள்.

கோடு போகிற வீடுகளில் முதலில் கொஞ்சம் சத்தம் இருந்தது. பிறகு ஜனங்கள் பழகிக்கொண்டார்கள். பல் டாக்டர் நாற்காலியை ஒரு முழம் நகர்த்தி, தரையில் மஞ்சள் பெயிண்ட் அடித்து வழி விட்டார். இஸ்திரிக் கடைக்காரர் பைக் சத்தம் கேட்டதும் தேய்த்த சட்டைகளை ஒரு கையால் தூக்கிப் பிடித்துவிட்டு மறுகையால் வேலையைத் தொடர்ந்தார். பிரிந்த அண்ணன் தம்பி வீட்டு நடுச்சுவர் ஒவ்வொரு பைக்குக்கும் ஒதுங்கியதால், வருஷக் கணக்கில் முகம் பார்க்காதவர்கள் நாளெல்லாம் கண் இமைக்கிற நேரம் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியதாயிற்று. முதல் மாதம் முறைத்தார்கள். அடுத்த மாதம் முறைக்க அலுத்துப்போய்ப் பார்த்தார்கள். ஒரு நாள் தம்பி தலைமுடியெல்லாம் நரைத்துவிட்டதை அண்ணன் கவனித்து, அடுத்த பைக் வருவதற்குள் சாயப் பொட்டலம் ஒன்று வாங்கி வைத்திருந்து, சுவர் ஒதுங்கியபோது தூக்கிப் போட்டார். தம்பி அதை அவமானமாக எடுத்துக்கொண்டு திரும்ப வீசினார். பேச்சு வார்த்தை அப்படித்தான் ஆரம்பித்தது. வீட்டுத் தரகர்கள், கோடு போகாத அமைதியான வீடு என்று சொல்லி வாடகையை ஏற்றினார்கள். பிற்பாடு, கோடு போகிற வீடு, சாப்பாடு சூடாகக் கிடைக்கும் என்று சொல்லி அதையும் ஏற்றினார்கள். நிதானத்தின் மனைவி மழை நாட்களில் ஹாலின் மேற்குச் சுவரோரம் ஒரு பழைய சாக்கை விரித்து வைத்தார். வருகிறவர்கள் டயரைத் துடைத்துவிட்டுப் போகவேண்டும் என்பது உத்தரவு. துடைக்காமல் போனவரை மறுமுறை வரும்போது துடைப்பத்தோடு நின்று வரவேற்றார்.

மைத்துனனுக்குத்தான் இதனால் வாழ்வு வந்தது. அதுவரை பார்க்க வருகிறவர் இல்லாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தவனுக்கு இப்போது காலையிலிருந்து சாயங்காலம்வரை அத்தனை டெலிவரிக்காரர்களும் கட்டிலோரமாகப் போனார்கள். நிற்க நேரமில்லை, ஒரு வாக்கியம் சொல்லலாம், ஒரு வாக்கியம் கேட்கலாம். அதனால் ஒருவர் சொன்னதை அவன் அடுத்து வருகிறவரிடம் சொல்வான், அவர் சொல்கிற பதிலை அதற்கடுத்தவரிடம் சொல்வான். சங்கம் அமைப்பது பற்றிய முதல் கூட்டம் இப்படி ஒரு வாரம் நடந்தது. சங்கத்துக்குச் சந்தா வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் மட்டும் மூன்று மதியம் ஓடியது. இடையில் ஒருவர் பஞ்சராகி வராமல் போனதால் அவர் ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்க இரண்டு நாள் காத்திருந்தார்கள். வந்து முடித்தபோது அது சங்கத்தைப் பற்றியதே அல்ல, ஹெல்மெட் எங்கே மலிவாகக் கிடைக்கும் என்பது. கடைசியில் ரெயின்கோட் அக்கா தலைவர், கட்டிலை விட்டு எழ முடியாதவன் செயலாளர் என்று முடிவாயிற்று. எழ முடியாத செயலாளர்தான் எப்போது போனாலும் இருப்பார் என்பது காரணம். கேட்பது மூன்று: ரோட்டு நீளத்துக்குக் கூலி, காத்திருக்கிற நேரமும் திரும்புகிற நேரமும் வேலை நேரம், அடிபட்டால் வைத்தியம். மூன்றாவதைச் சொல்லும்போது ஒவ்வொருவரும் அவன் காலைப் பார்த்துவிட்டு உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள்.

இதற்கிடையே பல் டாக்டர் கம்பெனிக்கு ஒரு புகார் அனுப்பினார். மஞ்சள் பெயிண்ட் செலவைக் கேட்டிருந்தார். எங்களுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, அவர்கள் எங்கள் ஆட்கள் அல்ல என்று பதில் வந்தது. டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. கம்பெனி பேர் போட்ட சட்டை, கம்பெனி பேர் போட்ட பை, கம்பெனி போட்ட கோடு, ஆள் மட்டும் யாருடைய ஆள் என்று நோயாளிகளிடம் கேட்டார். வாயில் பஞ்சு இருந்ததால் அவர்களால் பதில் சொல்ல முடியவில்லை. தானும் சங்கத்தோடு சேர்ந்து தொழிலாளர் அலுவலகத்தில் மனுப் போட்டார்.

அங்கே விசாரிக்கிற அதிகாரிக்கு அடுத்த மாசம் என்று பெயர். எந்த வழக்கையும் கேட்டு, தலையை ஆட்டி, பேனாவை மூடி, அடுத்த மாசம் என்பார். அவரிடம் வந்த வழக்குகளில் சில, வாதியும் பிரதிவாதியும் ஓய்வு பெற்றதனாலேயே தீர்ந்தன. டெலிவரிக்காரர்கள் வழக்கும் மாதாமாதம் தள்ளிக்கொண்டே போயிற்று. விசாரணை மூன்றாம் மாடியில். லிஃப்ட் ஓடி வெகு காலம் ஆகியிருந்தது. ஒவ்வொரு முறையும் நிதானமும் இன்னும் மூன்று பேரும் மைத்துனனை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறி, அடுத்த மாசம் என்பதைக் கேட்டுக்கொண்டு, நாற்காலியோடு இறங்குவார்கள். அந்த நேரத்துக்கு நால்வருக்கும் வருமானம் கிடையாது. ஒரு முறை இரண்டாம் மாடித் திருப்பத்தில் நாற்காலி நழுவி, மைத்துனன் கோணல் கால் படியில் இடித்துக்கொண்டது. அவன் வலியைக் காட்டாமல், “மாமா, இன்னொரு தடவை போட்டுப் பாருங்க, நேராயிட்டாலும் ஆயிடும்” என்றான். நிதானம் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் வீட்டில் அவர் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். கட்டிலில் இருப்பவன் காதில் விழாமல் மனைவி கேட்டார், “அவன் நடப்பானாங்க?” தெரியாததைத் தெரியும் என்று சொல்லிப் பழக்கமில்லாதவர், ஆகையால் தட்டை நகர்த்திவிட்டுக் கிழிந்த சட்டையை எடுத்துத் தைக்க ஆரம்பித்தார்.

அந்த நழுவலால் ஒரு நல்லது நடந்தது. மாடிப்படியில் யாராவது செத்துவைத்தால் அதற்கும் ஒரு வழக்கு நடத்த வேண்டிவரும் என்று பயந்து, அடுத்த முறை விசாரணையைத் தரைத்தளத்தில் பழைய காகித அறைக்கு மாற்றினார்கள். அந்த அறை வழியாகத்தான் கோடு போகிறது என்பதை யாரும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் வேறு அறை கிடையாது. கம்பெனி வக்கீல் கறுப்புக் கோட்டில் ஒரு சுருக்கம் இல்லாமல் வந்திருந்தார். மூலையில் நாற்காலியில் மைத்துனன். ஜன்னலோரம் பல் டாக்டர். நிதானத்துக்கு அன்று லீவு எடுக்க வழியில்லை, ஆர்டர் இருந்தது.

வக்கீல் எழுந்து, இவர்களெல்லாம் சுதந்திரமானவர்கள் என்று ஆரம்பித்தார். எப்போது வேண்டுமானாலும் வரலாம், எந்த வழியில் வேண்டுமானாலும் போகலாம், கம்பெனி இவர்களை இப்படிப் போ அப்படிப் போ என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை என்றார். அந்த இடத்தில் மேற்குச் சுவர் ஒதுங்கி ரெயின்கோட் அக்கா பைக்கில் உள்ளே வந்தார். கைப்பிடியில் மாட்டியிருந்த போன் உரத்த குரலில் பேசிக்கொண்டிருந்தது: நேராகச் செல்லவும். நீங்கள் தாமதமாக இருக்கிறீர்கள். பிடித்தம் செய்யப்படும். அக்கா அதிகாரிக்கு வணக்கம் சொல்லிவிட்டுக் கிழக்குச் சுவர் வழியாகப் போனார்.

“இப்ப பேசினது யாரு?” என்றார் அதிகாரி.

“அது ஒரு ஆலோசனை சார்,” என்றார் வக்கீல்.

“ஆலோசனையைக் கேக்கலன்னா?”

வக்கீல் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் இன்னொரு பைக் வந்தது. பிடித்தம் செய்யப்படும் என்று அந்தப் போன் அவருக்குப் பதிலாகச் சொல்லிவிட்டுப் போயிற்று. அதன் பிறகு வக்கீல் ஒவ்வொரு முறை சுதந்திரம் என்று சொல்லும்போதும் ஏதாவது ஒரு பைக் வந்துகொண்டிருந்தது. அவர் கெட்டிக்காரர், அந்தப் பேச்சை விட்டுவிட்டுத் தன் பலமான வாதத்துக்கு வந்தார். அந்தப் பையன் விழுந்தபோது பையில் ஆர்டர் இருந்ததா? இல்லை. வேலை முடிந்து திரும்புகிற வழியில் ஒருவர் எங்கே போகிறார், டீ குடிக்கப் போகிறாரா, தூங்கப் போகிறாரா, கம்பெனிக்கு என்ன தெரியும்? காலிப் பையோடு இருப்பவர் ரோட்டில் போகிற ஒரு ஆள்தான். சுவர்களே காலிப் பைக்கு வழிவிடுவதில்லை, இதைவிட வேறு சாட்சி வேண்டுமா என்று கேட்டு உட்கார்ந்தார். சங்கத்தின் சார்பில் பேச வந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு காகிதங்களைத் திருப்பிக்கொண்டிருந்தார். மைத்துனன் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதிகாரி தலையை ஆட்டினார். பேனாவை மூடினார். இதையெல்லாம் நேரில் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது, ஆகவே அடுத்த மாசம் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் சுவர் ஒதுங்கி நிதானம் வந்தார். நேரில் பார்க்க வேண்டும் என்றது அவர் காதில் விழுந்தது, மீதி விழவில்லை. வண்டியை நிறுத்தினார். ஆர்டரோடு கோட்டில் போகும்போது அவர் வண்டியை நிறுத்தியதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

“ஏறிக்குங்க சார். சூப் ஆறிடும்.”

அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மாட்டேன் என்று சொல்ல அதிகாரிக்கு வாய் வரவில்லை. வழக்குக் கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு பின்னால் ஏறினார். சுவர் இருவருக்கும் சேர்த்துக் கொஞ்சம் கூடுதலாகவே ஒதுங்கியது. கால்வாயின் மேல் போகும்போது அவர் காலைத் தூக்கிக்கொண்டதையும், ரயில் பெட்டிகளுக்கு நடுவே போகும்போது கையை விரித்து இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்ததையும் யார்டில் கொடி காட்டுகிறவர் பார்த்தார். போன வேகத்தில் அவருக்கு வேர்க்கக்கூட இல்லை. அடுக்குமாடியில் வாட்ச்மேன் இருவரையும் நிறுத்தி, டெலிவரிக்காரர்களுக்கு லிஃப்ட் கிடையாது என்றார். நான் அதிகாரி என்று அவர் சொன்னதற்கு, எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க என்று பதில் கிடைத்தது. ஒன்பதாம் மாடிவரை ஏறினார்கள். வாடிக்கையாளர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அதிகாரியை மேலும் கீழும் பார்த்து, ஒரு சூப்புக்கு ரெண்டு பேரா என்று கேட்டுக் கதவைச் சாத்தினார். இறங்கி வந்து வாட்ச்மேனிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார் அதிகாரி. தண்ணீர் குடியிருப்பவர்களுக்குத்தான் என்றார் வாட்ச்மேன்.

திரும்புகிற வழி ரோடு. பாலத்தில் லாரிகள் ஒன்றோடொன்று மூக்கை இடித்துக்கொண்டு நின்றன. வெகு நேரம் ஒன்றும் நகரவில்லை. மழை பிடித்தது. பாலத்தைத் தாண்டியதும் பின் டயர் பஞ்சர். நிதானம் கைப்பிடியைப் பிடிக்க, அதிகாரி பின்னாலிருந்து தள்ளினார். ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டு வராமலே போய்விட்டது. வழியில் போனில் அடுத்த ஆர்டர் வந்தது. எடுக்க முடியாததால் பிடித்தம் என்றும் வந்தது. அதிகாரி அதை வாங்கி இரண்டு தரம் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். திரும்ப வண்டியைத் தள்ளினார். நிதானத்துக்கு இந்த வழி எப்போதும் இப்படித்தான் என்பதால் சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இருக்கவில்லை.

அவர்கள் வந்து சேர்ந்தபோது அறையில் எல்லோரும் இரண்டாவது டீ குடித்து முடித்திருந்தார்கள். வக்கீல் மரியாதையாக எழுந்து, சாருக்கு இவ்வளவு அலைச்சல் தேவையா, அடுத்த மாசம் வைத்துக்கொள்ளலாமே என்றார். அதிகாரி ஒற்றைச் செருப்போடு நின்றபடியே கேட்டார்.

“போகும்போது நான் வேலையில இருந்தேனா?”

“இருந்தீங்க சார். ஆய்வுக்குத்தானே போனீங்க.”

“வரும்போது?”

மூலையிலிருந்து மைத்துனன் மெதுவாகச் சொன்னான், “ரோட்டுல போன ஒரு ஆள் சார்.”

அதிகாரி தன் சேறு படிந்த பேண்ட்டைப் பார்த்தார், பிறகு அவன் காலைப் பார்த்தார். ஈரத்தோடு நாற்காலியில் உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றினார். அவர் அந்த மூடியைக் கழற்றி எழுத ஆரம்பித்ததைப் பார்த்த குமாஸ்தா, அவருக்கு ஜுரம் கண்டுவிட்டது என்று நினைத்து டாக்டரைக் கூப்பிட்டார். அறையில் இருந்தது பல் டாக்டர். அவர் நாடி பிடித்துப் பார்த்து, எழுதட்டும் விடுங்கள் என்றார். கோட்டின் நீளத்துக்கு அல்ல, ரோட்டின் நீளத்துக்குக் கூலி. கடை வாசலில் நிற்பதும் காலிப் பையோடு திரும்புவதும் வேலைதான். வேலை செய்கிறவர் ஊழியர்தான். மேற்படி கால் கம்பெனியின் செலவில் சரிசெய்யப்பட வேண்டும் என்று அன்று சாயங்காலமே உத்தரவாயிற்று. மஞ்சள் பெயிண்டை மட்டும் அடுத்த மாசம் பார்க்கலாம் என்று தள்ளிவைத்தார்.

கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனது. அங்கே விசாரித்தவர்கள் தாங்களும் ஒரு தரம் நேரில் பார்க்கலாமா என்று யோசிக்க ஆரம்பித்ததும் கம்பெனி வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் வாடிக்கையாளரிடம் கொஞ்சம் கூடுதலாக வாங்கினார்கள். வாடிக்கையாளர்கள் ஒரு வாரம் திட்டினார்கள், பிறகு பசித்தது. ஊழியர் என்று அச்சடித்த புது அட்டை வந்த அன்று நிதானம் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே தூங்கினார். மைத்துனன் காலைத் திரும்ப உடைத்துத் தகடு வைத்தார்கள். ஆறு மாதம் கழித்து ஹாலில் கட்டிலிலிருந்து சமையலறைவரை யாரையும் பிடிக்காமல் நடந்தான். அதைப் பார்த்த நிதானத்தின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்குப் போய் மூன்று பேருக்கும் துணி எடுத்து வந்தார். அவன் சட்டை தோளில் தொங்கியது. படுத்துக் கிடந்ததில் இளைத்துவிட்டதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. கோடு போகிற சுவர்கள் ஆர்டர் இருந்தால் பழையபடி ஒதுங்கத்தான் செய்தன. ஆனால் ரோட்டுக்குக் கூலி வந்துவிட்டதால் அவசரமில்லாதவர்கள் ரோட்டிலேயே போனார்கள், மழை பெய்தால் வீடுகள் வழியாகப் போனார்கள். காலிப் பையோடு மட்டும் யாரும் எந்தச் சுவரையும் நெருங்கவில்லை. முதல் நாள் நெளிந்த சக்கரத்தை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

மைத்துனன் திரும்ப வேலைக்கு வந்த முதல் நாள், அதே அடுக்குமாடியில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுக் கீழே வந்தான். லிஃப்டில்தான் வந்தான். உத்தரவில் இல்லாவிட்டாலும் வாட்ச்மேன் தானாகவே திறந்துவிட்டிருந்தார். கால் கொஞ்சம் கடுத்தது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் சாய்ந்து நிற்கலாம் என்று காம்பவுண்டுச் சுவரில் கையை வைத்தான். கை வைத்த இடத்தில் சுவர் இல்லை. தடுமாறி, வண்டியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தபோது, ஒரு பைக் தாராளமாகப் போகிற அகலத்துக்குச் செங்கல்லெல்லாம் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றது. அந்தப் பக்கம் சரக்கு யார்டும், யார்டுக்கு அப்பால் கால்வாயும், கால்வாய்க்கு அப்பால் தன் வீட்டு மாடியில் காயும் துணியும் தெரிந்தன. அவன் பையைத் திறந்து பார்த்தான். காலிதான். உள்ளே கையை விட்டுத் துழாவியும் பார்த்தான். வாட்ச்மேன் தினசரியிலிருந்து தலையைத் தூக்கினார்.

“போப்பா. அது எவ்வளவு நேரந்தான் ஒதுங்கி நிக்கும்?”

மைத்துனன் பையை மூடி முதுகில் மாட்டிக்கொண்டு முதல் கியரைப் போட்டான்.